அக்காவின் பழுதற்ற பலி

எபிரேயம் படிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. சபைக் கமிட்டிக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாததால் அது நடந்தது. ஞாயிறு பிரசங்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்று புகார் சொல்ல எழுந்தேன். நேராகச் சொன்னால் ஆயர் மனம் வருந்துவாரே என்று சுற்றி வளைத்து, "மூல மொழியில என்ன இருக்குன்னு பார்த்து, அதை மட்டும் சுருக்கமா சொன்னா நல்லா இருக்கும்" என்றேன். ஆயர் முகம் மலர்ந்துவிட்டது. தாம்பரத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் எபிரேயமும் கிரேக்கமும் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று தொடங்குகிறதாம். ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதாம். யாரை அனுப்புவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாராம். கமிட்டி கைதட்டியது. நான் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு ஐம்பது வயது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரப் பரிசோதகன். அளவு கருவியை வைத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவதே என் வேலை. வீடு பீர்க்கன்கரணையில். சனிக்கிழமை சாயங்காலம் காய்கறி வாங்கப் போவது என் பொறுப்பாக இருந்தது. வகுப்பைப் பற்றிச் சொன்னதும் என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கத்திரிக்காய் வாங்கப் பயந்துக்கிட்டு எபிரேயம் படிக்கப் போற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றாள்.

வகுப்பு நடந்தது ஒரு ஞாயிறு பள்ளி அறையில். நாற்காலிகள் ஆறு வயதுக் குழந்தைகளுக்கானவை. முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் பதினோரு பேர். மூன்றாம் வாரம் நான்கு பேர். சொல்லித்தந்தவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அதற்குள்ளிருந்து சாக்பீஸ் எடுப்பாள். அவள் என்னை அங்கிள் என்பாள், நான் அவளை மேடம் என்பேன். வகுப்பு முழுக்க இரண்டு பேருக்கும் கூச்சமாகவே இருக்கும்.

எபிரேயம் வலமிருந்து இடம் ஓடும். அதில் 'த'வுக்கும் 'ர'வுக்கும் ஒரு மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பிசிறுதான் வித்தியாசம். மற்ற மூவரும் திண்டாடினார்கள். எனக்கு அது சுலபமாக வந்தது. முப்பது வருடமாகப் பிசிறு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். மேடம் பாராட்டியதில் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. வீட்டில் காலண்டரில் எபிரேயத்தில் பால் கணக்கு எழுதினேன். மறுநாள் மனைவி அதைக் கிழித்துப் பூரிக்கு எண்ணெய் வடிய வைத்தாள்.

பலி என்ற சொல்லைப் பற்றிய பாடம் ஆறாவது வாரம் வந்தது. நமக்குத் தமிழில் பலி என்று ஒரே சொல் முன்னால் நிற்கிறது, எபிரேயத்தில் ஒரு கூட்டமே இருக்கிறது என்றாள் மேடம். வெட்டிச் சமைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒரு சொல். அது ஸெபாக். என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கத்தோலிக்கர், அதைச் 'செபம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டு தலையாட்டினார். யாருக்கும் ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் முழுவதும் எரித்துவிடுவதற்கு இன்னொரு சொல். அதற்கு நேர்ப்பொருள் 'மேலே ஏறுவது'. புகையாக மேலே போகிறது, அவ்வளவுதான். மாவோ தானியமோ கொண்டுவந்தால் அதற்கு மின்கா. அந்தச் சொல்லுக்கு வெறும் அன்பளிப்பு என்றும் பொருள், ராஜாவுக்குக் கொடுத்தாலும் அதே சொல்தான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் கொர்பான்.

"நம்ம வேதாகமத்துல ஒரு இடத்துல அது தமிழாக்காம அப்படியே வருது அங்கிள். பார்த்திருப்பீங்க" என்றாள். நான் பார்த்ததில்லை. பார்த்தவன் போலத் தலையாட்டினேன். எங்கள் கம்பெனியில் வெல்டிங் செய்யும் பாய் பக்ரீத்துக்கு எனக்குக் கறி கொண்டுவந்து தரும்போது குர்பானி என்பார். இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். பங்காளிச் சொற்கள் என்றாள். அடுத்த திங்கட்கிழமை பாயிடம் போய் இதைச் சொன்னேன். "சார், இது எங்களுக்குத் தெரியாதா? நீங்க அதுக்கா கிளாஸ் போறீங்க?" என்றார்.

கிரேக்கத்தில் பலிக்குச் சொல், தூசியா. புகைப்பது என்ற பழைய பொருளில் இருந்து வந்தது. வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். "தூசியா... தூசியா..."

அடுப்படியிலிருந்து மனைவி, "ஃபேன் மேல ஒரு இஞ்சுக்கு இருக்கு. ஏணி வெளியில இருக்கு" என்றாள். அன்றைய பாடம் ஏணிமேல்தான் முடிந்தது.

ஆனால் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது பலிக்குரிய விதிகள். ஆடு பழுதற்றதாக இருக்க வேண்டும். குருடு கூடாது, நொண்டி கூடாது, சொறி கூடாது. பலியிடும் ஆசாரியன் அதைச் சோதித்துப் பார்ப்பான். தேறினால் வாங்குவான், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவான். வேதாகமத்தில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. நமக்கு வேண்டாததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பலி என்று சொல்லக் கூடாது. இந்த விதியைப் படித்த நிமிடம் எனக்கு அக்கா நினைவு வந்தது. பழுதற்ற பலி என்றால் எங்கள் குடும்பத்தில் அது அக்கா செய்ததுதான்.

அந்தக் கதையை எங்கள் உறவில் தெரியாதவர் கிடையாது. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பேர்போன ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அதே மாதம் அப்பா படுத்துவிட்டார். "தம்பி படிக்கட்டும், நான் வேலைக்குப் போறேன்" என்று அக்கா அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அதனால்தான் நான் பிறகு திருச்சிப் பக்கம் பாலிடெக்னிக்கில் படித்தேன், அதனால்தான் எனக்கு வேலை, அதனால்தான் எனக்குக் கல்யாணம். என் கல்யாணத்தில் ஆயர் மணமக்களைப் பற்றிப் பேசியதைவிட அக்காவைப் பற்றிப் பேசியது அதிகம்.

இந்தத் தியாகத்தோடு வாழ்வது லேசான காரியமல்ல. ரயிலில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. கோழிக்குழம்பில் கால் துண்டு அவளுக்கு. கிறிஸ்துமஸ் மதியம் எங்கள் வீட்டில் பிரியாணி ஆனாலும் மேடவாக்கத்தில் அவள் அடுக்குமாடி வீட்டுக்குப் போய், செங்கல் மாதிரியான அவள் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது துண்டும் கேட்க வேண்டும். அக்கா ஒன்றும் வாயைத் திறந்து கேட்க மாட்டாள். லேசாகப் பெருமூச்சு விடுவாள். நாங்கள் எழுந்து இடம் கொடுப்போம்.

அதைவிட மனசைப் பிழிவது ஒன்று இருந்தது. அக்காவுக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது. யாராவது விரலை வெட்டிக்கொண்டால் அவள் முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "பாவம், ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துடுச்சு. அந்தக் கனவு இன்னும் அவளை விடல" என்பார்கள் பெரியவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொருளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பவன் நான்.

அந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் ஆயருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிரசங்கத்தை என்னிடம் தள்ளிவிட்டார். "மூல மொழியில சுருக்கமா" என்று கிசுகிசுத்தார். பழிவாங்கினாரா என்று இன்றுவரை தெரியாது. நான் அக்காவுக்குப் போன் செய்து, கண்டிப்பாக வர வேண்டும், மூன்றாவது வரிசையில் உட்கார வேண்டும் என்றேன்.

அறுப்பின் பண்டிகை என்றால் எங்கள் சபையில் அவரவர் முடிந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், பூசணி, முட்டை, பிளாஸ்டிக் குடம், எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். அந்த முறை ஒரு ஆடும் வந்திருந்தது. கொடுத்தது எங்கள் சபையைச் சேர்ந்தவள்கூட அல்ல. சபை வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மாள். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனால் ஆடு தருகிறேன் என்று உள்ளே வந்து பொருத்தனை செய்திருந்தாளாம். கருப்பு ஆடு, நெற்றியில் வெள்ளை. வண்டி நிறுத்தும் இடத்தில் கட்டியிருந்தார்கள். நான் வழக்கம் போல் சுற்றி வந்து பார்த்தேன். கண், கால், தோல், எதிலும் ஒரு குறை இல்லை.

நான் பேசத் தொடங்கியதும் ஆடும் தொடங்கியது. கொர்பான் என்றேன், ம்மே என்றது. ஸெபாக் என்றேன், இன்னும் பலமாக. எபிரேயம் அதற்குப் புரிந்துவிட்டதோ என்று பின்வரிசையில் யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது. நான் விடவில்லை. பழுதற்ற ஆட்டைப் பற்றிச் சொன்னேன். நொண்டி ஆட்டைக் கொண்டுவருகிறவனைப் பற்றிக் கடுமையாகவே சொன்னேன். "நமக்கு வேண்டாததைத் தள்ளிவிட்டுட்டு, நான் தியாகம் பண்ணினேன்னு சொல்றது கடவுளுக்கு முன்னாடி செல்லாது" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, பழுதற்ற பலி செய்த ஒருவர் நம் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்று அக்கா கதையைத் தொடங்கினேன்.

கடிதத்தை மடித்து வைத்த இடம் வந்தபோது அக்கா கைக்குட்டையை எடுத்தாள். ரத்தம் பார்த்தால் இன்றும் அவள் தாங்க மாட்டாள் என்று சொன்னபோது விம்மினாள். பெண்கள் பக்கம் பாதிப் பேர் அழுதார்கள். ஆடுகூட அமைதியாகிவிட்டது. பதினெட்டு நிமிடத்தில் முடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு பேசியதில்லை, இனிப் பேசவும் மாட்டேன்.

ஏலம் தொடங்கியதும் அக்கா என் சட்டையைப் பிடித்துப் பந்தலின் ஓரத்துக்கு இழுத்துப் போனாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"நீ இனிமே அந்தக் கதையை எங்கேயும் சொல்லாதடா."

"ஏன்க்கா? எல்லாரும் எவ்ளோ உருகிட்டாங்க."

"அதான் சொல்றேன். நீ நொண்டி ஆடுன்னு கத்தினப்போ ஒவ்வொரு தடவையும் எனக்கு வயித்துல கத்தி இறங்குச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எனக்கு அந்த நர்சிங் வேண்டவே வேண்டாம்டா. அப்பாதான் அப்ளிகேஷன் போட்டாரு. இன்டர்வியூ அன்னிக்கு வார்டைச் சுத்திக் காட்டினாங்க. ஒருத்தருக்குக் கட்டுப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் அங்கேயே மயங்கி விழுந்துட்டேன். அப்படியும் சீட்டு குடுத்துட்டாங்க. எப்படிச் சொல்லித் தப்பிக்கிறதுன்னு ராத்திரி பகலா ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப... எனக்காக..."

"உன்னைச் சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்கன்னு சொன்னேன். அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. சித்தப்பா ஊர் பூராச் சொல்லிட்டாரு. அப்புறம் எப்படிடா வாயைத் திறக்கிறது?"

முப்பத்தெட்டு வருடத்துக் கோழிக்கால்கள் என் கண்முன் வரிசையாகப் போயின.

"டைப்பிஸ்ட் வேலை?" என்றேன்.

"அதை மாதிரி ஒரு வேலை கிடையாது! ஏசி ரூம், புது மெஷின், மத்தியானம் காபி!" அக்கா உணர்ச்சிவசப்பட்டுக் கையை மேலே தூக்கினாள். "அப்பாகிட்ட சொல்ல முடியல!" மறுபடியும் தூக்கினாள். "அம்மாகிட்டயும் முடியல!" மூன்றாவது தடவை இன்னும் உயரமாக. "உன்கிட்டயும் முடியல!"

"ஆடு நம்ம அக்காவுக்கே!" என்று மைக்கில் செயலாளர் அறிவித்தார்.

பந்தல் முழுக்கக் கைதட்டல். அவள் கையைத் தூக்கியதும், இப்போதுதான் இவர்கள் தியாகத்தைக் கேட்டோம், இவர்களோடு போட்டி போடக் கூடாது என்று யாருமே மேலே ஏற்றவில்லையாம். அவள் தனக்குத் தானே ஏற்றிக்கொண்டு மூன்று தடவையில் ஆட்டை எடுத்துவிட்டாள். மறுக்க வழியில்லை. கயிற்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள்.

என் மனைவி ஒரு பூசணியோடு வந்து சேர்ந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அக்கா ஒன்றும் மறைக்காமல் அவளிடமும் சொல்லிவிட்டாள். என் மனைவி பூசணியைக் கீழே வைத்தாள். பிறகு, "அண்ணி, அப்படின்னா அந்த கேக்கை இனிமே நாங்க சாப்பிட வேண்டாம்ல?" என்றாள்.

அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஆட்டை மேடவாக்கத்துக்குக் கொண்டுபோக முடியாது. அந்த அடுக்குமாடியில் தண்ணி லாரி உள்ளே வருவதற்கே சங்கத்தில் நூறு சட்டம். எங்கள் வீட்டில் கட்ட இடமில்லை. வெட்டிக் கறியாக்கலாம் என்று நான் வாயெடுத்ததும் அக்கா சுவரைத் தேடினாள். வேறு வழியில்லாமல் இட்லிக் கடை அம்மாளிடம் போய், நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். அவள் பதறிவிட்டாள்.

"இன்னா சார் சொல்றீங்க? சாமிக்குக் குடுத்தத எப்டி திரும்ப வாங்கிக்கறது? வூட்ல நாலு ஆடு கீது. இருக்கறதுலயே நல்லதா பாத்து இத்த இட்டுகினு வந்தேன். நேத்து பூரா என் பேத்தி அழுதுகினு இருந்துச்சு."

அக்கா ஆட்டின் நெற்றியைத் தடவினாள். "அப்ப ஆடு என்னோடதாவே இருக்கட்டும்மா. எனக்கு வைக்க இடமில்ல. நீங்க மேய்ச்சுக்கிறீங்களா? நான் வந்து பார்த்துட்டுப் போறேன்."

அந்த அம்மாள் இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். குடுத்தது குடுத்ததாக இருக்கும், பேத்தி அழுவதும் நிற்கும். "அப்டின்னா சரிக்கா. பேஜார் இல்ல" என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள். ஆடு வந்த வழியே வீட்டுக்குப் போனது.

அக்காவிடம் நான் அதற்குப் பிறகு மூன்று வாரம் பேசவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஹெல்மெட்டை மாட்டப் போன மேடத்தை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு ஏலம் போன இடத்தில் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "உங்களுக்கு என்ன கோபம் அங்கிள்? அவங்க எதையும் இழக்கலையேன்னா?" என்று கேட்டாள்.

ஆமாம், அதேதான்.

"தியாகம்கிற சொல்லுக்கு விடறதுன்னு அர்த்தம். அதனால நாம எப்பவும் என்ன போச்சு, எவ்ளோ போச்சுன்னுதான் பார்க்கிறோம். கொர்பான்ல போறதே இல்ல. கிட்ட வர்றதுங்கிற வேர்லேர்ந்து வந்த சொல் அது. கிட்டக் கொண்டுவர்றது, அவ்ளோதான். ஆறாவது வாரம் போர்டுல எழுதினேனே. நீங்க பழுதற்றதுங்கிறதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கிட்டீங்க."

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். கொர்பான் என்பதன் எதிரே 'கிட்ட' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கீழே 'நொண்டி கூடாது' என்பதற்கு இரண்டு கோடு.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் திருச்சிப் பக்கம் விடுதியில் இருந்த மூன்று வருடமும், மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா வருவாள். தாம்பரத்தில் பஸ் ஏறினால் இரண்டு பஸ் மாறி மத்தியானத்துக்கு வந்து சேருவாள். வாந்தி எடுத்த முகத்தோடு இறங்குவாள். அவளுக்குப் பஸ் பயணமும் ஒத்துக்கொள்ளாது. என் சட்டைகளை வாங்கிப் பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பாள். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மறுபடி பஸ் ஏறுவாள். இதை எங்கள் வீட்டில் யாரும் தியாகம் என்று சொன்னதில்லை. என் பிரசங்கத்திலும் இது இல்லை. அன்றுவரை எனக்கே அது நினைவுக்கு வந்ததில்லை.

அன்றே போன் செய்தேன். "அந்தப் பஸ்ல நீ எப்படிக்கா வந்த, மாசா மாசம்?"

"எந்தப் பஸ்?" என்றாள். பிறகு, "ஐயோ, அந்த டீசல் நாத்தம்! அதை ஏன்டா இப்ப ஞாபகப்படுத்துற, வயித்தைப் புரட்டுது" என்றாள். அதோடு சமாதானமாகிவிட்டோம்.

கதை அங்கே முடிந்துவிடும் என்று நினைத்தோம். போன மாதம் சேலையூரில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மணப்பெண் நர்சிங் படித்தவள். வழக்கம் போல் எங்கள் சித்தி மைக்கை வாங்கி, "இந்தக் குடும்பத்துல ஒருத்தி தம்பிக்காகத் தன் நர்சிங் கனவையே..." என்று தொடங்கினாள். அக்கா எழுந்தாள். மேடைக்குப் போய் மைக்கைக் கையில் வாங்கினாள்.

"நான் எந்தத் தியாகமும் பண்ணல. எனக்கு நர்சிங் பிடிக்கல. டைப்பிங்தான் பிடிச்சுது. நான் சந்தோஷமாத்தான் வேலைக்குப் போனேன். இதான் உண்மை" என்றாள்.

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் திரும்ப வாங்கினாள்.

"பார்த்தீங்களா? தம்பி மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அந்தப் பேரையும் வேண்டாங்கறா. யாருக்கு வரும் இந்தக் குணம்?"

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போய்ச் சொல்லட்டுமாடா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்க்கா. உன் ஏலம் இன்னும் ஏறிடும்" என்றேன்.

பந்தி தொடங்கியது. பரிமாறுகிறவர் எங்கள் வரிசைக்கு வந்து, அக்கா இலையில் கேட்காமலே கால் துண்டு வைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அதைக் கையில் எடுத்து நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினாள்.